தண்ணீர் தாங்கும் பசை

அப்பாவின் மீனுக்கு நெற்றியில் குழி விழத் தொடங்கியதை முதலில் பார்த்தது நான்தான். கண்ணுக்குச் சற்று மேலே, ஊசி குத்தியதுபோல இரண்டு துளைகள். வெளிச்சத்தின் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அவை அரிசி அளவுக்குப் பெருத்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தன.

அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்து, பேச்சும் குறைந்துபோன பிறகு, அவருடைய பகல் முழுவதும் அந்த நாலடித் தொட்டிக்கு முன்னால்தான் கழிகிறது. தொட்டியில் ஒரே ஒரு மீன். ஆஸ்கார் என்கிற வகை. என் உள்ளங்கையைவிடப் பெரியது, கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் தீற்றல்கள். அப்பா இடது கையில் தீனியை எடுத்து நீட்டுவார், அது மேலே வந்து விரலிலிருந்து கவ்விக்கொண்டு போகும். அவருக்குத் தெளிவாக வருகிற சில சொற்களில் 'ஏலே' ஒன்று. அது மீனுக்கு மட்டும். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் கைத்தடியால் தரையைத் தட்டுவார்.

நான் தையல்காரி. திண்டுக்கல்லில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கூடத்தின் ஒரு பக்கம் என் மிஷின், மறுபக்கம் தொட்டி. கீழே வீட்டுக்காரம்மா. அவர் சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்துப் பெண். பிறந்த வீட்டிலிருந்து சுங்குடிச் சேலைகளை வரவழைத்து முன்னறையில் அடுக்கி வைத்து விற்கிறார். அந்த முன்னறை எங்கள் தொட்டிக்கு நேர் கீழே இருந்தது. என் எல்லாப் பயத்துக்கும் காரணம் அதுதான். மீனுக்குக் குழி விழுவதற்கு முந்தைய வருஷம் தொட்டியின் ஓரத்தில் மாட்டியிருந்த வடிகட்டியின் குழாய் நழுவி, தண்ணீர் தரை விரிசல் வழியாகக் கீழே இறங்கி, ஒரு கட்டுச் சேலை நனைந்துவிட்டது. கருஞ்சிவப்பு இறங்கி வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் ரோஸாகிப் போயிருந்தன. அவர் கத்தவில்லை. சேலையைப் பிரித்து என் முன்னால் விரித்துக் காட்டினார். "இன்னொரு வாட்டி ஆச்சுன்னா நா தாங்க மாட்டேம்மா, பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். கத்தியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மீன் விற்கிற கடைக்குப் போய், போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கடைக்காரத் தம்பி பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"தண்ணி கெட்டுப்போச்சுக்கா. இம்புட்டுப் பெரிய மீனுக்கு அந்த ஃபில்டர் பத்தாது. சம்ப் வைக்கணும்."

எனக்கு சம்ப் என்றால் வாசலில் தரைக்குள் இருக்கிற தண்ணீர்த் தொட்டிதான். அவன் சிரித்துவிட்டு விளக்கினான். தொட்டிக்கு அடியில் இன்னொரு பெட்டி. மேலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் பெட்டிக்குள் இறங்கும், பஞ்சிலும் கல்லிலும் ஊடுருவிச் சுத்தமாகும், கடைசி அறையில் இருக்கிற மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். தண்ணீரின் மொத்த அளவும் கூடும் என்பதால் சீக்கிரம் கெடாது. குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று குடத்தை வரிசையாக வைத்துக் காத்திருக்கிற ஊரில், அடிக்கடி மாற்ற வேண்டாம் என்பதே பெரிய விஷயம்.

ஆனால் எங்கள் ஸ்டாண்டுக்கு நடுவில் ஒரு இரும்புக் கால் இருக்கிறது. கடையில் செய்து வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி எதுவும் அதற்குள் நுழையவில்லை. குறுகலாக நானே செய்துகொள்ள வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் செம்பட்டி ரோட்டில் போர்டு கடை வைத்திருக்கிறார், கடைப் பெயர்களுக்கு அக்ரிலிக் என்கிற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக்கில் எழுத்து வெட்டிக் கொடுப்பவர். அவரிடம் கனமான ஷீட்டுகள் மீந்து கிடந்தன. அளவைச் சொன்னேன். மிஷினில் கொடுத்து வெட்டித் தந்தார். சுவரும் தடுப்புமாக எல்லாத் துண்டுகளையும் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாவாடைத் துணி வெட்டுவதுபோலத்தான் இதுவும், இனிமேல் சேர்ப்பதுதான் பாக்கி என்று அப்போது தைரியமாகவே இருந்தேன்.

எதை வைத்துச் சேர்ப்பது என்று கேட்ட இடத்தில்தான் தூக்கம் போனது.

மீன்கடைத் தம்பி, "சிலிக்கான்தான்கா. எல்லாத் தொட்டியும் அதுலதான் ஒட்டுறோம்" என்றான். போர்டு கடை அண்ணன், "சிலிக்கானா? அது கண்ணாடிக்கும்மா. அக்ரிலிக்ல நிக்காது, உரிஞ்சு வந்துரும். குளோரோஃபார்ம் விடு" என்றார்.

"அண்ணே, அது மயக்க மருந்துல்ல?"

"ஆமா. எழுத்து ஒட்ட நாங்க அதத்தான் வச்சுக்கிருக்கோம். சன்னலத் தொறந்து வச்சுட்டு ஒட்டு."

மீன்கடைத் தம்பியிடம் திரும்பப் போய்ச் சொன்னேன். "குளோரோஃபார்மா? மீன் செத்துரும்கா!" என்று பதறினான். மறுபடியும் அண்ணனிடம் போன் செய்தேன். "அதெல்லாம் காத்துல ஆவியாப் போயிரும்மா. ஒரு வாரம் வெயில்ல போட்டுட்டு, தண்ணி ஊத்தி ஊத்திக் கொட்டு" என்றார். இரண்டு பேரும் அவரவர் தொழிலில் நல்லவர்கள், இரண்டு பேர் குரலிலும் சந்தேகமே இல்லை. சந்தேகம் எனக்குத்தான். தையலில் தப்பு வந்தால் பிரித்துத் தைக்கலாம். இதில் பிரிக்க முடியாது. தப்பு வந்தால் கீழ்வீட்டுச் சேலையில் வந்து தெரியும்.

கடைசியில் யாரையும் நம்பாமல், வெட்டி மிஞ்சிய சில்லுகளை எடுத்தேன். இரண்டிரண்டாக ட வடிவில் நிறுத்தி, ஒன்றில் சிலிக்கான், ஒன்றில் நொடியில் ஒட்டுகிற பசை, ஒன்றில் இரண்டு ட்யூப்பைக் கலந்து பூசுகிற பசை, கடைசியில் அண்ணன் சின்னக் குப்பியில் கொடுத்த குளோரோஃபார்ம். நன்றாகக் காய்ந்த பிறகு எல்லாவற்றையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு மூடி வைத்தேன். ரவிக்கை வாங்க வந்தவர்கள், "என்னம்மா வாளிக்குள்ள?" என்று கேட்டார்கள். ஊறுகிறது என்றேன்.

சில நாள் கழித்து எடுத்தேன். சிலிக்கான் பார்க்க அழகாக இருந்தது. ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தேன், பாலாடைபோல முழுசாகக் கையோடு வந்தது. நொடிப் பசை வைத்த இடம் வெள்ளை பூத்திருந்தது, மேசை விளிம்பில் தட்டியதும் 'டக்'கென்று விட்டுவிட்டது. இரண்டு ட்யூப் பசை கொஞ்சம் தாக்குப்பிடித்தது. கத்தரி முனையைச் செருகித் திருகியபோது அதுவும் தகடாகப் பெயர்ந்தது. குளோரோஃபார்ம் விட்டது மட்டும் பிரியவே இல்லை. கத்தரிப் பிடியால் ஓங்கி அடித்தேன். ஷீட் உடைந்தது, ஆனால் ஒட்டிய இடத்தில் உடையவில்லை, பக்கத்தில் உடைந்தது. அது ஒட்டுவதில்லை, இரண்டு துண்டின் ஓரத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது என்று அப்போதுதான் விளங்கியது.

எதை வைத்து ஒட்டுவது என்பது முடிவானது. நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குள் வேறொன்றைப் பார்த்துவிட்டேன். மிஷின் வெட்டிய பளபளப்பான விளிம்பில் அந்த மருந்து பட்ட இடத்தில், தலைமுடிபோல மெல்லிய கீறல்கள் உள்ளுக்குள் ஓடியிருந்தன. வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். நேற்று இருந்ததா, இன்று வந்ததா, நாளைக்கு வளருமா, எதுவும் தெரியாது. அண்ணனிடம் கேட்டேன்.

"எழுத்துல அது யார் கண்ணுக்கும் தெரியாதும்மா. நீ தண்ணி நிப்பாட்டப் போற. வெட்டுன ஓரத்த உப்புத்தாள்ல தேச்சுரு. அந்தப் பளபளப்பு போகணும். பெறகு ஒட்டு."

இரண்டு நாள் தைக்கிற வேலையை ஒதுக்கிவிட்டு ஓரங்களைத் தேய்த்தேன். தேய்த்த ஓரம் வளைந்தால் இடைவெளி விழும், இடைவெளி விழுந்தால் மருந்து பிடிக்காது. ஆகவே தேய்க்கும்போதும் பயம்.

அப்பாவுக்கு நெஞ்சில் கொஞ்சம் இரைப்பும் உண்டு. அந்த வாடையை வீட்டுக்குள் விட முடியாது. மொட்டை மாடியில்தான் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என் தங்கை வருவாள், அப்பாவைப் பார்த்துக்கொள்வாள் என்று அந்த நாளை வைத்துக்கொண்டேன். வடமதுரையில் கட்டிக்கொடுத்த தங்கை, வாரம் ஒரு தரம் வந்து சமைத்துவைத்து, அப்பாவுக்கு முடி வெட்டிவிட்டு, சாயங்கால இன்சுலினும் போட்டுவிட்டுப் போவாள்.

மருந்தை எப்படி விடுவது என்று அண்ணன் சொல்லித் தந்திருந்தார். துண்டுகளைச் சேர்த்து டேப்பால் நிறுத்திவிட்டு, ஊசியில் மருந்தை எடுத்து, சேர்கிற கோட்டில் சொட்டுச் சொட்டாக வைத்தால் அதுவே உள்ளே ஓடிவிடும். மெல்லிய ஊசியாக வேண்டும். வீட்டில் மெல்லிய ஊசி என்றால் அப்பாவின் இன்சுலின் ஊசிதான். அவருடைய மருந்து டப்பாவில் இருந்த புதுப் பாக்கெட்டிலிருந்து ஒன்று எடுத்துக்கொண்டேன். அதில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூலும் கட்டினேன்.

முதல் கோட்டில் மருந்து ஓடியதைப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. தண்ணீர் தாளில் ஊறுவதுபோல ஒரு நிழல் சரசரவென்று ஓரம் முழுக்கப் பரவி, இரண்டு துண்டும் ஒன்றாகித் தெளிந்தது. ஆனால் செத்த நேரத்தில் ஊசிக்குள் இருந்த கறுப்பு ரப்பர் அந்த மருந்தில் ஊதி இறுகிவிட்டது. தண்டைத் தள்ளவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. கீழே ஓடி வேறு ஊசி கொண்டுவந்தேன். அதுவும் கொஞ்ச நேரத்தில் இறுகியது. மறுபடியும் ஓடினேன். கோடு காய்வதற்குள் அடுத்த கோடு விட வேண்டும் என்கிற அவசரத்தில் சிவப்பு நூல் ஞாபகத்துக்கு வரவில்லை. இறுகியவற்றைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு, தலை கிறுகிறுக்கிறதே என்று மாடியின் அந்தக் கோடியில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் காற்று வாங்க உட்கார்ந்தேன்.

வெயில் சாய்ந்து நான் எழுந்து வந்தபோது சுவர்மேல் ஊசி எதுவும் இல்லை.

கீழே இறங்கினேன். தங்கை அடுப்படியில் இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"மேல ஊசி கெடந்துச்சே, பாத்தியா?"

"ஆமாக்கா. துணி எடுக்க வந்தேன். வெயில்ல கெடந்துச்சு, நாந்தான் எடுத்து அப்பா டப்பால போட்டேன்."

"எப்ப?"

"செத்த முன்னாடி. அப்பாவுக்கு ஊசியும் போட்டுட்டேன். இட்லி ஊத்தவா?"

"எந்த ஊசில போட்ட?" என்று கேட்டேன்.

"டப்பால இருந்துதான். ஏன்க்கா, என்னாச்சு?"

சொன்னதும் அவள் தட்டை அப்படியே போட்டுவிட்டாள். இரண்டு பேரும் கூடத்துக்கு ஓடினோம். அப்பா தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைத்தடியைப் பிடித்துக்கொண்டார். சட்டையைத் தூக்கி ஊசி போட்ட இடத்தைப் பார்த்தேன். சிவப்பு இல்லை, தடிப்பு இல்லை. அதுவே எனக்கு நம்பிக்கை தரவில்லை. டப்பாவைக் கவிழ்த்தேன். சிவப்பு நூல் கட்டியது இருந்தது. இறுகிப்போன இன்னொன்று இருந்தது. மூன்றாவது? நான் மூன்று எடுத்தேனா, இரண்டுதான் எடுத்தேனா? யோசிக்க யோசிக்கக் குழம்பியது.

தங்கை அழத் தொடங்கிவிட்டாள். "பாக்கெட்டப் பிரிச்ச ஞாபகமே இல்லக்கா. மேல கெடந்தத எடுத்துப் போட்டுட்டேன் போல. பாக்கலயே நானு."

அப்பாவுக்கு வழக்கமாகப் பார்க்கிற கிளினிக்குக்குப் போன் போட்டேன். நர்ஸ் எடுத்தார். நான் தட்டுத் தடுமாறிச் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: "இன்சுலின ஊசில ஏத்துறப்ப தண்டு லேசா வந்துச்சா?"

தங்கையிடம் போனைக் கொடுத்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "லேசாத்தாங்க வந்துச்சு. எப்பவும் மாதிரிதான்" என்றாள்.

"அப்ப இறுகுன ஊசி இல்ல. இருந்தாலும் சுகரப் பாருங்க. மூச்சப் பாருங்க. ஏதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சா உடனே கூட்டிட்டு வந்துருங்க."

போட்டு முடித்த ஊசிகளை நாங்கள் ஒரு பழைய பாட்டிலில் சேர்த்து வைப்போம். மேலாகக் கிடந்ததை எடுத்தேன். தண்டு வழுக்கிக்கொண்டு போய்வந்தது. மோந்து பார்த்தேன். குளோரோஃபார்முக்கு ஒரு தித்திப்பு வாடை உண்டு, அது மூக்கை விட்டுப் போகவே போகாது. இதில் அது இல்லை. இன்சுலினுக்கே உரிய ஆஸ்பத்திரி வாடைதான். தங்கையிடமும் நீட்டினேன். அவளும் தலையாட்டினாள். சர்க்கரை வழக்கமான அளவுதான் காட்டியது. அறிவுக்கு எல்லாம் சரியாகப்பட்டது. ஆனாலும் அப்பா இட்லி தின்று முடிக்கும் வரை அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு எரிச்சல் வந்து கைத்தடியால் ஒரு தட்டுத் தட்டினார்.

இருட்டிய பிறகு மேலே போய் டார்ச் அடித்துத் தேடினேன். மூன்றாவது ஊசி, பாதி ஒட்டிய பெட்டிக்குள்ளேயே, காற்றில் வந்து விழுந்த ஒரு செய்தித்தாளுக்கு அடியில் உருண்டு கிடந்தது. தண்டு அசையவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று அந்த மூன்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டு இறுக மூடினேன். மறுநாள் மருந்துக் கடையில் வேறு அளவில், பார்த்தாலே வித்தியாசம் தெரிகிற பெரிய சிரிஞ்சாக வாங்கி, மாடியிலேயே வைத்துக்கொண்டேன். அது வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை.

வேலையை விட்டுவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். ஆனால் மீனின் நெற்றிக் குழி பெரிதாகிக்கொண்டே இருந்தது, தீனிக்கு மேலே வருவதும் குறைந்துவிட்டது. மிச்சக் கோடுகளையும் ஒட்டி முடித்தேன்.

வெயிலில் காயவைத்த பிறகு, பெட்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்துத் தண்ணீர் நிரப்பினேன். மிஷினில் உட்கார்ந்தால் மாடிக்குப் போகத் தோன்றும், மாடிக்குப் போனால் அப்பா தட்டுவார். முதல் நாள் தாள் காய்ந்திருந்தது. மறுநாள் காலையில் ஒரு மூலையில் ரூபாய்க் காசு அகலத்துக்கு ஈரம். பனியா என்று துடைத்துவிட்டு வேறு தாள் வைத்தேன். மத்தியானம் மறுபடியும் அதே இடம் ஈரமானது. குனிந்து கண்ணை ஒட்டிப் பார்த்தேன். அந்த மூலையில் மருந்து ஓடாமல் நூல் அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு விட்டுப்போயிருந்தது. நான் தேய்த்ததில் ஓரம் வளைந்த இடம்.

அண்ணனிடம் போய் நின்றேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "தண்ணி மாதிரி இருக்குற மருந்து சந்த ரொப்பாதும்மா. அக்ரிலிக் சீவல அதுல போட்டு ஊற வையி. பாகு மாதிரி ஆகும். உள்பக்கம் மூலையில தடவு" என்றார்.

அக்ரிலிக் சீவல்களை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மருந்தை ஊற்றி வைத்தேன். ஒரு நாளில் தேன்பதத்துக்கு வந்தது. பெட்டியைக் காயவைத்து, உள்பக்கத்து மூலை ஒவ்வொன்றிலும், கசிந்த இடத்தில் மட்டுமல்லாமல் எல்லாவற்றிலும், ரவிக்கைக்குப் பைப்பிங் வைப்பதுபோல ஒரே இழுப்பில் அந்தப் பாகை ஓடவிட்டேன். மறுபடியும் வெயில், மறுபடியும் தண்ணீர். இந்தத் தரம் தாள் காய்ந்தே கிடந்தது. அந்த வாரம் முழுக்கத் தினமும் தண்ணீரைக் கொட்டிப் புதுசு ஊற்றினேன். தித்திப்பு வாடை போய்விட்டதா என்று பெட்டிக்குள் தலையை விட்டு மோந்து மோந்து பார்த்தேன். கொட்டிய தண்ணீர் மாடித் தொட்டிச் செடிகளுக்குப் போனது. அவை வாடுகின்றனவா என்றும் கவனித்தேன்.

வீட்டுக்காரம்மாவிடம் சொல்லாமல் வைக்க மனசு வரவில்லை. இறங்கிப் போய்ச் சொன்னேன். அவர் மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, மேல ஒண்ணு இருக்கது பத்தாதுன்னு அடியில வேறயா?"

"அக்கா, தண்ணி ஊத்திப் பாத்துட்டேன். ஒழுகல. அப்பாவுக்காகத்தான்…"

அவர் முன்னறை அடுக்குகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "நீ என்னைக்கு வைக்கிற, சொல்லு. நா முன்னறையில இருக்கதப் பின்னால எடுத்து வச்சுட்டு வாரேன். நா இருக்கறப்பதான் தண்ணி விடணும்" என்றார்.

சொன்னபடியே வந்தார். பெட்டியைச் செருகி, குழாய் மாட்டி, மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் சலசலவென்று இறங்கியது. அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார். எனக்கு இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், ஆனால் மேல் தொட்டித் தண்ணீர் குழாய் வாயின் மட்டத்துக்கு வரும் வரை இறங்கிக்கொண்டே இருக்கும். அவ்வளவையும் பெட்டி கொள்ள வேண்டும். கொள்ளாவிட்டால் நேராகக் கீழ்வீடுதான்.

"அக்கா, மோட்டார நிப்பாட்டப் போறேன்."

"இரு இரு, நா கீழ போயி முன்னறை சீலிங்கப் பாத்துக்கிறேன்" என்று அவர் படியிறங்கி ஓடினார்.

சுவிட்சை அணைத்தேன். பெட்டியில் தண்ணீர் ஏறியது. நான் மனசுக்குள் குறித்திருந்த இடத்தைத் தாண்டியது. இன்னும் ஏறியது. கீழேயிருந்து, "ஆச்சா?" என்று குரல் வந்தது. விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே தண்ணீர் நின்றது. குழாய் ஒரு தரம் உறிஞ்சிவிட்டு அமைதியானது. "என்னம்மா ஆச்சு?" என்று மறுபடியும் குரல். "நின்னுருச்சுக்கா!" என்றேன். "இங்கயும் ஒண்ணுமில்ல!" என்று கீழேயிருந்து பதில் வந்தது. இருந்தாலும் அவர் சேலைகளை முன்னறைக்குத் திரும்பக் கொண்டுவர ஒரு மாதம் ஆனது. நான் கேட்கவும் இல்லை.

மீன் அடுத்த சில நாள் மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. அப்பா தீனியை நீட்டி நீட்டிக் கை வலித்து எடுத்துக்கொள்வார். நர்ஸ் கேட்டதைப்போல யாராவது இதற்கும் ஒரு கேள்வி கேட்டு முடித்துவைக்க மாட்டார்களா என்று இருந்தது. ஒரு நாள் பட்டன் துளை தைத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீரில் ஒரு அறை விழுந்த சத்தம் கேட்டது. அப்பா "ஏலே" என்றார். திரும்பிப் பார்த்தேன், அவர் விரல் நுனியில் தீனி இல்லை. நெற்றிக் குழிகள் மெல்ல ஆழம் குறைந்தன. இப்போது கிட்டப் போய்ப் பார்த்தால் அம்மைத் தழும்புபோல மட்டும் தெரிகின்றன.

பயம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மிஷினை நிறுத்தும் ஒவ்வொரு தரமும் தண்ணீர்ச் சத்தம் அதே சுருதியில் இருக்கிறதா என்று காது தானாகப் போகிறது. யாராவது ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தால், "செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு, குனிந்து பெட்டிக்கு அடியில் கையை வைத்துத் தடவிப் பார்த்த பிறகுதான் டேப்பை எடுக்கிறேன். இதுவரை காய்ந்தே இருக்கிறது.